இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாயாருக்கு 68ஆம் வயதில் வலது இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. எங்களுடையது மேலூருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் திண்ணையும் நிலைப்படியும் முற்றமும் கொண்ட பழைய வீடு. எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு என்று மூன்று மாதம் யோசித்த நாங்கள், வீட்டைப் பற்றி மூன்று மணி நேரம்கூட யோசிக்கவில்லை. அம்மா வீடு திரும்பிய அன்று மாலை கமோடு நாற்காலி வாங்கி வந்தோம். அது கழிப்பறைக் கதவுக்குள் நுழையவில்லை. நாற்காலியின் அகலம் 23 அங்குலம், கதவின் திறப்பு 22 அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்காக அம்மா இரண்டு நாள், முற்றத்து மூலையில் பழைய சேலையைக் கட்டி மறைத்த இடத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு உறவினர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் எங்களிடம் கேட்ட கேள்விகளையும், பட்டும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் தனியாகச் சொன்ன அறிவுரை எதுவும் இதிலிருந்து மாறுபட்டால், அவர் சொன்னதையே கொள்ள வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சையில் மூட்டில் என்ன செய்யப்படுகிறது?

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் அது சுழலும் கிண்ணமுமாக அமைந்தது. தொடை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். தேய்மானத்தாலோ, முடக்குவாதத்தாலோ, இரத்த ஓட்டம் குறைந்து பந்து நசிந்து போவதாலோ இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வழுவழுப்பு கெட்டுவிட்டால், எலும்போடு எலும்பு உரசி நடக்க முடியாத வலி வருகிறது. அறுவை சிகிச்சையில் கெட்டுப்போன தலையை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கி, அதன் மேல் உலோகத்தாலோ செராமிக்காலோ ஆன பந்தைப் பொருத்துகிறார்கள். கிண்ணத்துக்கும் புதிய ஓடு பொருத்தப்படுகிறது.

பெரும்பாலானவர்களை அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறார்கள். எழுந்து நின்றதைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பத்தார் நினைத்துவிடுவதுதான் முதல் தவறு. புதிய மூட்டு எடையைத் தாங்கினாலும், அதைச் சுற்றி அறுத்துத் தைத்த தசையும் சவ்வும் இறுகுவதற்கு 6 முதல் 12 வாரம் ஆகும். வீட்டில் செய்யும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி அந்த வாரங்களுக்கானவை.

வீட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உயரத்தைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து வீடுகள் தரையோடு வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை. பாயில் படுக்கிறோம், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம், அங்கணத்தில் குத்த வைத்துப் பாத்திரம் தேய்க்கிறோம், அரிவாள்மனையில் காய் நறுக்குகிறோம். இவை எல்லாவற்றிலும் முழங்கால் இடுப்பை விட மேலே போய்விடுகிறது. புதிய மூட்டு முதல் வாரங்களில் பொறுத்துக்கொள்ளாதது அதைத்தான்.

உட்காரும்போது இடுப்பு முழங்காலை விடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். நோயாளியைச் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை இன்ச் டேப்பால் அளந்து, அதனுடன் 2 அங்குலம் கூட்டிக்கொண்டால் போதும். அம்மாவுக்கு அளவு 16. கூட்டியதில் 18 ஆயிற்று. அந்த 18 அங்குலத்தைப் பட்டாசாலை எனப்படும் முன்கூடத்தின் சுவரில் சாக்பீஸால் கோடாகப் போட்டு வைத்தோம். கட்டில், நாற்காலி, கமோடு என எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இடம் கொடுத்தோம். இதை நாங்கள் செய்தது அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் கழித்து; நீங்கள் ஒரு மாதம் முன்பே செய்யுங்கள்.

மெத்தை ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் என்பதால், நோயாளியை உட்கார வைத்துத்தான் கட்டிலை அளக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் தொய்ந்து போவதால் உதவாது. கட்டில் தாழ்வாக இருந்தால் தச்சரிடம் சொல்லி, கால்கள் நழுவாதபடி நடுவில் குழி வெட்டிய மரக்கட்டைகளைக் கால்களுக்கு அடியில் கொடுக்கலாம். செங்கல்லை அடுக்கி வைப்பது வேண்டாம். நாற்காலிக்கு இரு பக்கமும் கை இருந்தாக வேண்டும், ஏனெனில் எழும்போது எடையை ஊன்றுவது அந்தக் கைகளில்தான். பிளாஸ்டிக் நாற்காலி பெரும்பாலும் தாழ்வு. பின்பக்கமாகச் சரிந்தும் இருக்கும். ஒரே மாதிரியான இரண்டு மூன்று நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் உயரமும் கூடும், உறுதியும் கூடும். சோபாவையும் தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலியையும் மூன்று மாதம் மறந்துவிடலாம்.

செய்யக் கூடாத அசைவுகள் யாவை?

மூட்டைப் பின்புறமாக அணுகிச் செய்த அறுவை சிகிச்சையாக இருந்தால் மூன்று கட்டுப்பாடுகளைச் சொல்வார்கள்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, அறுவை செய்த காலை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது. முன்புறமாக அணுகியிருந்தால் கட்டுப்பாடுகள் வேறு. காலைப் பின்னால் நீட்டுவதையும் வெளிப்பக்கம் திருப்புவதையும் தவிர்க்கச் சொல்வார்கள், சிலருக்குக் கட்டுப்பாடே குறைவாக இருக்கும். ஆகவே எந்தப் பக்கமாகச் செய்தார்கள், எத்தனை வாரம் கட்டுப்பாடு என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தப்பு பெரும்பாலும் பெரிய வேலைகளில் நேர்வதில்லை. காலடியில் கிடக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள முன்னால் குனிவது, கீழே விழுந்த மாத்திரையை எடுப்பது, கட்டிலில் உட்கார்ந்தபடி செருப்பைத் தேடுவது, யாரோ கூப்பிட்டார்கள் என்று பாதத்தை ஊன்றியபடியே உடலை மட்டும் திருப்புவது ஆகியவற்றில்தான் நேர்கிறது. எதையாவது எடுத்துத் தர ஓர் ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்க முடியாது. அதனால் நீளக் கைப்பிடியுள்ள இடுக்கி ஒன்றைச் சர்ஜிக்கல் கடையில் வாங்கிக் கட்டிலோடு தொங்கவிட்டால் பல குனிதல்கள் குறையும்.

எங்கள் வீட்டில் இந்திய முறைக் கழிப்பறைதான் இருக்கிறது. என்ன செய்வது?

குத்த வைத்து உட்காரும் கழிப்பறையை அந்த மாதங்களில் பயன்படுத்தவே கூடாது. அதற்குப் பிறகும் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே. இருக்கும் பீங்கானின் மேல் வைக்கக்கூடிய, நடுவில் துளையுள்ள இரும்புக் கமோடு நாற்காலி கிடைக்கிறது. வாங்கப் போகும் முன் மூன்று அளவுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கதவைத் திறந்து வைத்த நிலையில் உள்ள இடைவெளி, பீங்கானுக்கும் பக்கச் சுவருக்கும் உள்ள தூரம், மேலே சொன்ன உட்காரும் உயரம். கதவின் அகலத்தை அளந்துவிட்டு அதுதான் வழியின் அகலம் என்று நினைப்பது பிழை. எங்கள் வீட்டில் கதவைக் கழற்றித் திரை கட்டியதும் நாற்காலி உள்ளே போய்விட்டது. அந்த ஓர் அங்குலத்தைக் கதவின் தடிமனே தின்றிருந்தது.

மேற்கத்திய கமோடு இருக்கும் வீட்டிலும் அது போதும் என்று இருந்துவிட வேண்டாம். சாதாரணமாக அது 15, 16 அங்குல உயரம்தான் இருக்கும். அதன் மேல் பொருத்தும் உயர்த்தி, 2 அங்குலம் முதல் கிடைக்கிறது. சுவரில் கைப்பிடிக் கம்பி பதிப்பதானால் கொத்தனாரை அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே அழைக்க வேண்டும். சிமெண்டு இறுகாத கம்பியைப் பிடித்து எழுவதை விடக் கம்பியே இல்லாமல் இருப்பது நல்லது. துண்டு போடும் கம்பியும் வாஷ்பேசினும் ஆள் எடையைத் தாங்கமாட்டா.

கழுவிக்கொள்ளும்போது உடலைத் திருகிப் பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோவது பழக்கம். அதற்குப் பதிலாகக் கால்களை அகற்றி, நேராக அமர்ந்தபடி முன்பக்கமாகக் கழுவப் பழக வேண்டும். பைப் வைத்த பீய்ச்சுக்குழாய் இருந்தால் எளிது. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும் வீடுகளில், இரவு நேரத்துக்கு மட்டும் பாத்திரம் பொருத்திய கமோடு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவதே சரி. மருமகளிடம் பாத்திரத்தை எடுக்கச் சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் அப்பத்தாக்கள் உண்டு. அது மலச்சிக்கலிலும் நீர்க்கடுப்பிலும் கொண்டுபோய் விடும். இதைப் பற்றி முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

எப்போது குளிக்கலாம்?

தையல் அல்லது கிளிப் பிரிப்பது வழக்கமாக 10 முதல் 14 நாளில். அதுவரை காயத்தில் தண்ணீர் படாமல், ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட வேண்டும். தண்ணீர் புகாத டிரெஸ்ஸிங் போட்டிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் குளிக்கலாம். குளிக்கத் தொடங்கிய பிறகும் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தால் செம்பில் மொள்ளுவதற்குக் குனிய வேண்டியதில்லை. இந்த ஒரு ஸ்டூலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நிலைப்படியையும் மாடிப்படியையும் எப்படிக் கடப்பது?

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைத்தடியோ வாக்கரோ எப்போதும் அறுவை செய்த காலோடு சேர்ந்து போகும். ஆனால் கைப்பிடிச் சுவர் இல்லாத செங்குத்தான மாடிப்படியில் வாக்கரோடு ஏற முடியாது. மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக உள்ள வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். முடிந்தால் முதல் மாதம் தரைத்தளத்தில் உள்ள உறவினர் வீட்டில் தங்குவது மேல். வேறு வழியில்லை என்றால், உங்கள் மாடிப்படியின் உயரத்தையும் எந்தப் பக்கம் கைப்பிடி உள்ளது என்பதையும் கைப்பேசியில் படமெடுத்துப் போய் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, டிஸ்சார்ஜுக்கு முன் அதே முறையில் பழகிக்கொள்ள வேண்டும்.

பழைய வீட்டு நிலைப்படி 4, 5 அங்குலம் உயர்ந்திருக்கும். சக்கரம் வைத்த வாக்கர் அதில் முட்டி நின்றுவிடும். சரிவு போடுவதானால் 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். அதாவது 5 அங்குலப் படிக்கு 5 அடி. அத்தனை இடம் இல்லாத வீட்டில் குட்டையான பலகையைச் சாய்த்து வைப்பது ஆபத்து. நோயாளி புழங்கும் இடத்தை ஒரே நிலைக்குள், அதாவது கட்டிலும் கழிப்பறையும் சாப்பாடும் நிலைப்படி தாண்டாத ஓர் எல்லைக்குள் அமைத்துக்கொள்வதே எளிய வழி. எங்கள் வீட்டில் முன்பட்டாசாலை அம்மாவின் அறையாயிற்று. டிவி பார்ப்பவர்கள் உள்ளறைக்குப் போனார்கள், கொஞ்சம் முணுமுணுப்போடு.

தரை, உடை, செருப்பு ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை உண்டா?

மிதியடிகளையும் சாக்குகளையும் எடுத்துவிடுங்கள். வயர்களைச் சுவரோரம் ஒதுக்குங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில் ஈரம் காயும்வரை நோயாளி அந்தப் பக்கம் வர வேண்டாம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரிய வேண்டும். கரண்டு போகும் ஊரானால் சார்ஜ் விளக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சேலையின் கொசுவம் வாக்கரின் காலுக்குள் சிக்கும் என்பதால் சில வாரங்களுக்கு நைட்டியே நல்லது. அதுவும் கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டலாம், ஆனால் அவிழ்ந்தால் எடுக்கக் குனிவார்கள். எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டை வசதி. அறுவை செய்த காலை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டும். குதிகாலையும் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்பு வேண்டும்.

அடுப்படி வேலைக்கு எப்போது திரும்பலாம்?

நின்றுகொண்டு செய்யும் சிறு வேலைகளை மூன்று, நான்கு வாரத்தில் தொடங்குபவர்கள் உண்டு. அன்றாடம் எடுக்கும் டப்பாக்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் இருக்கும் அரிசிப் பானையும் மேடைக்கு அடியில் இருக்கும் சிலிண்டர் ரெகுலேட்டரும் வேறொருவர் பொறுப்பு. வாக்கரைப் பிடித்திருப்பவருக்கு இரண்டு கையும் இல்லை. ஒரு மஞ்சப்பையை வாக்கரின் முன்பக்கம் கட்டிவிட்டால் கைப்பேசி, மாத்திரை, மூடியுள்ள பிளாஸ்க் எல்லாம் அதில் போகும்.

எங்கள் அம்மா பூக்கட்டுகிறவர். மல்லிகையைத் தரையில் கொட்டி, காலை நீட்டி உட்கார்ந்து கட்டிய பழக்கம் அவருக்கு. கையில் நார் இல்லாமல் இருப்பது அவருக்கு வலியை விடக் கஷ்டமாக இருந்தது. நான்காம் வாரத்தில், பையன் படிக்கும் மேசையை நாற்காலிக்கு முன்னால் போட்டு, முறத்தில் பூவைக் கொட்டிக் கொடுத்தோம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அன்றிலிருந்து கட்டத் தொடங்கினார். தரையில் செய்துவந்த எந்தக் கைத்தொழிலையும் இப்படி மேசைக்கு ஏற்ற முடியுமா என்று முன்பே யோசித்து வைக்கலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் உடம்பை எப்படித் தயார் செய்வது?

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது முதல் வேலை. கட்டுப்படாத சர்க்கரை காயத்தில் கிருமி சேர வழிசெய்யும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, பித்தவெடிப்பில் வந்த புண் எதுவானாலும் முன்பே ஆற்றிவிட வேண்டும், ஏனெனில் உடம்பின் வேறு மூலையில் உள்ள கிருமி இரத்தத்தின் வழியாகப் புதிய மூட்டில் போய்த் தங்கக் கூடும். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பாவது நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதில் அடங்கும்.

சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சித்த மருந்து, லேகியம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாக்கரை முன்பே வாங்கி வீட்டுக்குள் நடந்து பழகுவது மிகவும் உதவும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு வரும் உயரத்தில் அதன் கைப்பிடி இருக்க வேண்டும்.

செலவுக்கு அரசுக் காப்பீடு உதவுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவை தேவைப்படும். திட்டத்தின் ஒப்புதலை அறுவை சிகிச்சைக்கு முன்பே பெற வேண்டும் என்பதால், அட்டை இல்லாதவர்கள் தேதி குறிக்கும் முன்பே அந்த வேலையைத் தொடங்க வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவு உள்ளது. வாக்கர், கமோடு நாற்காலி போன்றவற்றை மொத்தமாக வாங்குவதற்குப் பதில், வாடகைக்குத் தரும் சர்ஜிக்கல் கடைகளை விசாரித்துப் பார்க்கலாம்.

மருத்துவமனையிலிருந்து எந்த வண்டியில் அழைத்து வருவது?

கார்தான் நல்லது, ஆட்டோவின் குலுக்கலும் தாழ்ந்த கூரையும் ஆகாது. முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, சாய்வைச் சற்றுப் படுக்க வைத்து, தாழ்வாக இருந்தால் ஒரு கெட்டித் தலையணை போட வேண்டும். முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து மெதுவாக உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்திருந்தால் துணி இழுக்காமல் உடம்பு எளிதாகத் திரும்பும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால் நடுவில் நிறுத்தி, இறங்கி நான்கு அடி நடக்கச் செய்யுங்கள். இன்னொன்று: சித்திரைத் திருவிழா நாட்களில் நகரின் பல சாலைகள் மாற்றிவிடப்படுகின்றன. தையல் பிரிக்கும் நாள் அழகர் ஆற்றில் இறங்கும் நாளாக அமைந்துவிடாமல் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் படுப்பது?

மல்லாந்து, கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். ஒருக்களிக்க அனுமதித்த பிறகு, அறுவை செய்யாத பக்கமாக, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி தலையணை கொடுத்துப் படுக்கலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் காலை மடக்கியே வைத்திருப்பது சுகமாகத் தோன்றினாலும் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

வலியும் வீக்கமும் எத்தனை நாள் இருக்கும்?

காயத்தின் வலி வாரத்துக்கு வாரம் குறையும். தொடையிலும் பாதத்திலும் வரும் வீக்கம் சில மாதங்கள்கூட மாலை வேளைகளில் எட்டிப்பார்க்கும். வலி மாத்திரையை வலி முற்றிய பிறகு சாப்பிடுவதை விட, பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் சாப்பிட்டால் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடியும். ஐஸ் கட்டிகளைக் கவரில் போட்டுத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கச் சில வாரங்கள் மாத்திரையோ வயிற்றில் போடும் ஊசியோ தருவார்கள். நன்றாக நடக்கிறேன் என்று அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைப்பதும் இதற்காகவே.

தைலம் தேய்க்கலாமா? பத்தியம் உண்டா?

தைலம் தேய்த்து நீவுவது கூடாது. பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது, "லேசா எண்ணெயைப் போட்டு நீவிவிட்டா நரம்பு விட்டுப் போகும், மதினி" என்று சொல்லிக்கொண்டே காலைத் தொட வருவார். உறையத் தொடங்கிய இரத்தக்கட்டி கெண்டைக்காலில் இருந்தால், நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக் கூடும். காலை முறுக்கினால் மூட்டும் நழுவக் கூடும். காயத்தின் மேல் மஞ்சள், பற்று, விபூதி எதுவும் வேண்டாம். விபூதியை நெற்றியில் பூசிக்கொள்ளட்டும்.

கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று சொல்லி ரசம் சாதத்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். காயம் ஆறப் புரதம் தேவை: முட்டை, மீன், கோழி, பாசிப்பயறு, சுண்டல், பால், தயிர் எது ஒத்துக்கொள்கிறதோ அது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு ஊறும் என்ற நம்பிக்கை மதுரையில் உறுதியானது. குடிப்பதில் தவறில்லை, வாய்க்கு ருசிதான். ஆனால் புரதத்துக்கு அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். கீரை, வாழைத்தண்டு, கொய்யாவோடு நிறையத் தண்ணீரும் வேண்டும். சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேரம் கடத்தாமல் 108ஐ அழைக்க வேண்டும். மூட்டில் படக்கென்ற உணர்வோடு தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையானது போலவோ ஒரு பக்கம் திரும்பியோ தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். அப்போது எழுப்பி நிற்க வைக்கவோ இழுத்துப் பார்க்கவோ கூடாது. படுத்த நிலையிலேயே ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தாலும், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், டிரெஸ்ஸிங்கில் நீரோ சீழோ கசிந்தாலும், குளிரோடு காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். இந்த வகைக் கசிவுக்கு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவதுதான் மிகவும் கெடுதல் செய்கிறது.

யார் உடன் இருக்க வேண்டும்? பார்க்க வருபவர்களை என்ன செய்வது?

முதல் இரண்டு வாரம் இரவும் பகலும் ஒருவர் வேண்டும். அவர் மருத்துவமனையிலேயே இருந்து, எழுப்புவது எப்படி என்று பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது. நோயாளி நாற்காலியின் கைகளை ஊன்றித் தானே எழ, உடனிருப்பவர் அறுவை செய்த பக்கம் சற்றுப் பின்னால் நின்றால் போதும். பார்க்க வருபவர்களைத் தடுக்க முடியாது, நம் பக்கத்தில் அது வழக்கமும் இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் என்று சொல்லி வைக்கலாம். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் போனில் விசாரிக்கட்டும். அவர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

கிராமத்துக்குப் பிசியோதெரபிஸ்ட் வருவாரா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி. அறுவை சிகிச்சைத் தேதி தெரிந்ததும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். அவர் வராத நாட்களுக்காக, மருத்துவமனையில் கற்றுத்தரும் பயிற்சிகளை அனுமதி பெற்று வீடியோ எடுத்துக்கொள்ளலாம். நடை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, சிறிது சிறிதாக. ஒரே மூச்சில் தெருக்கோடி வரை போய் வந்து இரண்டு நாள் படுத்துக்கிடப்பதில் பயனில்லை.

வண்டி ஓட்டுவது, கோயிலுக்குப் போவது, தாம்பத்தியம் எல்லாம் எப்போது?

பெரும்பாலானோர் மூன்று முதல் ஆறு வாரத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வருகிறார்கள். கைத்தடி அறுவை செய்யாத பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். இதை மாற்றிப் பிடிப்பவர்களே அதிகம். கார் ஓட்டுவதற்கு ஆறு வாரமாவது ஆகும். டிவிஎஸ் எக்ஸ்எல், ஸ்கூட்டர் போன்றவற்றை மூன்று மாதத்துக்கு முன் யோசிக்க வேண்டாம். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதும் அப்படியே. தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள். பொதுவாக ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் அனுமதிக்கிறார்கள். எந்த நிலை பாதுகாப்பானது என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மீனாட்சியம்மன் கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் உள்ள சோதனைக் கருவி உங்கள் மூட்டுக்காக ஒலிக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைப் பையில் வைத்திருங்கள். கோயிலில் தரையில் விழுந்து கும்பிடுவதும் பிரகாரத்தில் சம்மணமிட்டு உட்காருவதும் மருத்துவரின் அனுமதிக்குப் பிறகே. சிலருக்கு ஓராண்டு கழித்துத் தரையில் உட்கார அனுமதி கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதே இல்லை. பொருத்திய மூட்டின் வகையையும் தசையின் வலுவையும் பொறுத்தது அது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. வீட்டு விசேஷங்களில் இப்போது அவருக்கு மட்டும் நாற்காலி போடுவோம்.

விழுந்து எலும்பு முறிந்ததால் அவசரமாகச் செய்கிறார்கள். தயாராக நேரமே இல்லையே?

வயதானவர்கள் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், உடல்நிலை இடம்கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது; வீடு தயாராகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாட்டுக்கட்டுக்கு அழைத்துப் போய் நாளை வீணாக்குவதும் கூடாது. அவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களே உங்களுக்கான அவகாசம். ஒருவர் உடனிருக்க, இன்னொருவர் இன்ச் டேப்போடு வீட்டுக்கு வந்து, முதலில் கழிப்பறைக் கதவை அளந்துவிட்டு, பிறகு கட்டிலுக்கு வரட்டும்.